வாசித்துக் காட்டாமல் வைக்காத கையெழுத்து

பண்டத்தரிப்பு பெற்றெடுத்த பண்பின் பெட்டகமே! பகட்டறியாப் பணியின் பேரழகே! எங்கள் குற்றவியல் நீதிக் கற்கைத் துறையின் கதவை நாள்தோறும் முதலாளாய்த் திறந்து, கடைசி ஆளாய்ப் பூட்டி, அன்பும் அஞ்சாமையும் ஒருங்கே அமைந்த அம்மையாராய் எம் நடுவே நடமாடி இன்று பணி ஓய்வு பெறும் அலுவலக உதவியாளர், திருமதி மகாதேவி முத்துக்குமாரு அவர்களே! வணங்குகிறோம்!

நேருக்கு நேர் புகழ்ந்தால் “தேத்தண்ணி ஆறுது” என்று எழுந்து போய்விடுவீர்கள் என்பதை இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நன்கறிவோம். ஆகவே, யாரோ ஒருவருடைய கதைபோலச் சொல்கிறோம். அமர்ந்திருந்து கேட்டருள வேண்டும்.

பொலிஸ் பணிக்கும் சிறைச்சாலைப் பணிக்கும் போகும் கனவோடு வரும் பிள்ளைகளுக்கு எங்கள் டிப்ளோமாவில் ஒரு செய்முறைச் சோதனை உண்டு. அன்று வகுப்பறை பொலிஸ் நிலையமாகும். முறைப்பாடு கொடுப்பவராக ஒருவர் நடிக்க, மாணவர் அதைக் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். துறை தொடங்கிய ஆண்டு, நடிக்க வருவதாகச் சொன்னவர் வராமல்போக, தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த மகாதேவியைப் பிடித்து முறைப்பாட்டுக்காரரின் கதிரையில் இருத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கதிரை அவருடையது. சந்தையில் சைக்கிளைப் பறிகொடுத்தவராக அவர் அழுத அழுகையை உண்மையென்று நம்பி, வழியால் போன ஒரு மாணவரின் தகப்பன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்ததும் உண்டு.

எட்டாம் ஆண்டில், சோதனைக்கு மூன்று கிழமை முன்னர், மகாதேவியின் தோட்டத்தில் நீரிறைக்கும் மோட்டர் மெய்யாகவே களவு போனது. பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போனார். அவர் தமிழில் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதினார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். அதன் பிரதியை எங்கள் சிங்கள மொழி ஆசிரியர் பிரகாஸிடம் காட்டியபோது அவருடைய முகம் மாறியது.

“அக்கா, இதிலை களவு எண்டு ஒரு சொல்லும் இல்லை. மோட்டர் துலைஞ்சு போச்சு எண்டுதான் கிடக்கு.”

திருத்தக் கேட்டுப் போனார். “கையெழுத்து உங்கடைதானே?” என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. ஓம், கையெழுத்து அவருடையதுதான். அந்தச் சொல் அவரை நித்திரை கொள்ள விடவில்லை.

சோதனை நாள் வந்தது. காலையில் பதினொரு மாணவர் அவருடைய சைக்கிள் முறைப்பாட்டை எழுதினார்கள். பழக்கதோசத்தில் பதினொன்றிலும் கையெழுத்து வைத்தார். பன்னிரண்டாவதாக வந்தவர் சிவதர்ஷன். அந்த அணியிலேயே கெட்டிக்காரன். பத்து நாளில் அவருக்குப் பொலிஸ் நேர்முகத் தேர்வு. சான்றிதழ் கையில் இருந்தாக வேண்டும். மளமளவென்று எழுதி முடித்து, தாளையும் பேனையையும், அன்று பொலிஸ் நிலையத்தில் நகர்த்தியதைப் போலவே, மகாதேவியின் முன்னே நகர்த்தினார்.

மகாதேவி பேனையைத் தொடவில்லை.

“வாசிச்சுக் காட்டும் தம்பி. கேட்டிட்டு வைக்கிறன்.”

வெளிப் பரிசோதகராக வந்திருந்த ஓய்வுபெற்ற பொலிஸ் அத்தியட்சகர் யாகப்பு நிமிர்ந்து பார்த்தார். “உது வெறும் சோதினைதானே அம்மா. நேரம் போகுது, வையுங்கோவன்.”

மகாதேவியின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய மாதம் அது. பரிசோதகரை எதிர்த்துக் கதைத்தார் என்று மேலிடத்துக்கு ஒரு சொல் போனாலே போதும். ஆனாலும் கதிரையை விட்டு அசையவில்லை.

“சோதினைதான் சேர். ஆனால் இஞ்சை பழகிறதைத்தானே உவையள் நாளைக்கு அங்கை செய்வினம்.”

சிவதர்ஷன் சினத்தோடு வாசிக்கத் தொடங்கினார். “நீலச் சாரம் கட்டிய ஒருவர் எனது சைக்கிளை எடுத்துச் செல்வதைக் கண்டேன்...”

“நிப்பாட்டும். நீலச் சாரம் கட்டின ஒராள் அந்தப் பக்கத்தாலை போனவர் எண்டுதான் சொன்னனான். எடுத்ததை நான் காணேல்லை எண்டெல்லோ சொன்னனான்!”

யாகப்பு காலையில் முடிந்த பதினொரு தாள்களையும் எடுத்து ஒவ்வொன்றாய் வாசித்தார். ஏழில் நீலச் சாரக்காரர் கள்ளனாகியிருந்தார். அந்த ஏழின் அடியிலும் மகாதேவியின் கையெழுத்து இருந்தது.

“இண்டைக்கு நாங்கள் எல்லாருமாய்ச் சேர்ந்து ஒரு வழிப்போக்கனைக் கள்ளனாக்கி மறியலிலை அடைச்சிருக்கிறம்,” என்றார் யாகப்பு. சோதனை முழுவதையும் இரத்துச் செய்தார்.

வென்றவராக மகாதேவி வெளியே வரவில்லை. தேநீர் அறையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். “எட்டு வருசமாய்க் கண்ணை மூடிக்கொண்டு வைச்சனே! எத்தினை பிள்ளையளைப் பிழையாய்ப் பழக்கி விட்டனோ!” அந்தப் பிழையில் எங்களுக்கும் பங்கிருந்தது.

சனி, ஞாயிறும் பாராமல் மறுசோதனை வைத்து, நேர்முகத்துக்கு முதல் நாள் சிவதர்ஷனின் கையில் சான்றிதழைக் கொடுத்தோம். இன்று அவர் வன்னியில் உப பொலிஸ் பரிசோதகர். “கோவத்திலை ரெண்டு கிழமை உங்களோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை அக்கா. இப்ப வாசிச்சுக் காட்டாமல் ஒருத்தரிட்டையும் நான் பேனை நீட்டுறேல்லை,” என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னாராம். வாசித்துக் காட்டுவதற்கு இப்போது எங்கள் சோதனையில் தனிப் புள்ளி உண்டு. மகாதேவியின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. பரிந்துரைக் கடிதம் எழுதியவர் யாகப்பு. பிரகாஸையும் கூட்டிக்கொண்டு மூன்று முறை பொலிஸ் நிலையத்துக்கு நடந்து, மகாதேவி தம் முறைப்பாட்டையும் திருத்துவித்தார். மோட்டர் இன்றுவரை வரவில்லை. முறைப்பாடு சரியாக இருக்கிறது.

கதை முடிந்தது, இனி உங்களோடே பேசுகிறோம், அம்மையீர்!

கண்ணீரும் கைகூப்புமாய் உங்களை அனுப்பிவைக்கவே இம்மடலை எழுதத் தொடங்கினோம். நேற்று மாலை பதிவுப் பிரிவு நிவேதனா ஒரு விண்ணப்பத்தோடு ஓடி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டார். தை மாதம் தொடங்கும் எங்கள் சான்றிதழ் வகுப்புக்கு விண்ணப்பித்தவர்: மகாதேவி முத்துக்குமாரு, வயது அறுபது! பொலிசில் சேரும் வயது போய்விட்டதே என்று நிவேதனா கேட்டதற்கு, “முறைப்பாடு குடுக்கப் போற சனத்துக்குப் பக்கத்திலை இருக்கவும் ஒராள் வேணுமெல்லோ பிள்ளை,” என்றீர்களாம்.

ஆகவே அன்னையே, நோய் அணுகாத உடலும், நொடியும் தளராத உள்ளமும், நூறாண்டு தாண்டும் ஆயுளும் உங்களுக்கு வாய்க்கட்டும்! வகுப்பு தை மாத முதல் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு. பிந்தி வருவோருக்கு வரவு இடமாட்டோம்.

என்றும் உங்கள் அன்பில் திளைக்கும்,
விரிவுரையாளர்களும் அலுவலகத்தாரும்,
குற்றவியல் நீதிக் கற்கைத் துறை,
யாழ்ப்பாணம்.