மூன்று வருஷம் இயேசு, ஒரு முறை யூதாஸ்

கற்பிட்டி பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்தவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்:

"மூண்டு வருஷம் இயேசுவா இருந்தன் மச்சான். ஒருத்தரும் அழேல்லை."

பைத்தியக்காரனோ என்று பயந்துவிட்டேன். இறங்கும் கதவை நோக்கி எழும்பியே விட்டேன். கதை பெரிய வெள்ளி நாடகத்தைப் பற்றியது என்று விளங்கியதும், காற்று வாங்க எழும்பியவன் போல நடித்துவிட்டு மறுபடி குந்தினேன்.

"இந்த முறை யூதாசைக் கேட்டு வாங்கினன். யூதாசா நடிக்கிற எல்லாரும் அவனை உறும விடுவாங்கள். நான் காட்டிக்குடுக்கிற முத்தத்துக்குக் கிட்டப் போய், ஏலாமல் திரும்பி, பிறகும் போனன்."

"சனம்?"

"மூச்சில்லை. என்ர மனுசியின்ர தாய் முன்வரிசையில எழும்பி, 'போகாதே மகன்!' எண்டு கத்திப்போட்டா."

"நாடகம் குழம்பிப்போச்சே!"

"குழம்பட்டும். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து என்னைக் கூத்தாடி எண்டுதான் கூப்பிட்டவ, மச்சான்."