மழித்த மீசை

யுத்த காலம்; பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் கரி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான புருஷனும் பெண்சாதியும். அவர் துண்டால் வாயை மூடியிருந்தார். அந்த அம்மாள் பொரிந்து தள்ளினாள்.

“பெத்த தாய் உசுரோட இருக்கும்போதே மீசையை எடுத்த ஆம்பளையை எங்கனா பார்த்திருக்கீங்களா?”

“போன தபா பேத்தி என் மீசையைப் பார்த்துத்தானேடி பயந்து அழுதுச்சு. அதான் எடுத்தேன்.”

“நம்ம பொண்ணு வாசல்ல உங்க மூஞ்சியைப் பார்த்ததும், ‘ஐயோ, ஆயா பூட்டாங்களா’ன்னு மாருல அடிச்சிக்கினு அழுதா. உங்கம்மா கல்லுக்குண்டாட்டம் ஊட்ல வெதைக் கடலைக்கு மல்லாட்டை உரிச்சிக்கினு இருக்காங்க!”

“அவ அழுததைப் பார்த்துத்தான் கொழந்தையும் கத்திச்சு.”

“அதனால ஒண்ணும் இல்ல. ‘இது எங்க தாத்தா இல்ல, எங்க தாத்தாவுக்குப் பெரிய மீசை இருக்கும்’னு கத்திச்சு. கடைசி வரைக்கும் உங்ககிட்ட வந்துதா? இப்ப உங்கம்மா, ‘நான் சாவறதுக்கு முன்னாடியே எடுத்துட்டியாடா’ன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

பஸ் மயிலம் வந்தது. அவர் துண்டை மெல்ல இறக்கினார்.

“‘எங்க தாத்தா’ன்னா சொல்லிச்சு?”