ராசா பின்வாங்க வேண்டிய இடம்

மிக்சர் சாப்பிட்ட கையால் சதுரங்கக் காயைத் தொடக்கூடாது ஐயா. பெரிய விசயமில்லை, ஒரு துணியில் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். கிருபன் துடைப்பதில்லை. விரல்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுச் சூப்பி எடுப்பான். அந்த ஈரம் காயுமுன் ராணியின் தலையைப் பிடிப்பான். எங்கள் நிலையத்தின் வெள்ளை ராணி மஞ்சளாகிப் போனது அப்படித்தான். அவன் போன பிறகு காய்கள் முழுவதையும் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறேன்.

என் பெயர் மயில்வாகனம். முள்ளியவளையில் எங்கள் வட்டாரச் சனசமூக நிலையத்தின் செயலாளர். உலகப் பட்டத்துக்கான சதுரங்க ஆட்டங்கள் நடக்கும் காலத்தில், பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவோம். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு ஓடும். முன்னால் மேசையில் எங்கள் பலகை இருக்கும். அங்கே போடப்படும் ஒவ்வொரு நகர்த்தலையும் திலீபன் இங்கே வைப்பார். அடுத்தது என்ன என்று நாங்கள் வாதாடுவோம். சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

விதிகளை நான்தான் கொண்டுவந்தேன். திரையின் ஓரத்தில், யார் முந்துகிறார் என்று கணினி கணித்துக் காட்டும் கோடு ஒன்று ஏறி இறங்கும். அதன்மேல் பத்திரிகைத் துண்டு ஒட்டி மறைப்போம். வருகிறவர்கள் தங்கள் கைபேசிகளை என்னிடம் தரவேண்டும், நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவேன். கணினியை எட்டிப் பார்த்துவிட்டு வாதாடுகிறவனுடன் என்ன வாதம்? என்னுடைய கைபேசி மட்டும் வேலை செய்யும், தொலைக்காட்சிக்கு இணையம் அதிலிருந்துதான் போகிறது. ஊரிலுள்ள மனைவிமாருக்கு இது தெரியும். அவசரமென்றால் என் இலக்கத்துக்குத்தான் எடுப்பார்கள், நான் உரியவரிடம் சொல்லுவேன்.

கிருபனை ஊர் நல்லவன் என்று சொல்லும். ஓட்டோ வைத்திருக்கிறான். பிள்ளைத்தாச்சிகளைக் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சதுரங்கத்தில் அவனுக்குத் தெரிந்தது ஒரே சொல்: வெட்டு. எதையும் வெட்டு, எப்போதும் வெட்டு. ஆட்டக்காரர் வேறெதையாவது போட்டுவிட்டால், வாய்க்குள் கடலையைக் குதப்பிக்கொண்டே, "நானும் அதைத்தானே சொன்னனான்" என்பான். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். நான் வீட்டில் புத்தகம் வைத்து, இரவிரவாகப் படித்துவிட்டு வந்து ஒரு நகர்த்தலைச் சொல்லுவேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இவன் உளறினால் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருக்கும்.

கடைசி ஆட்டத்தன்று ஆர்மேனியர் வெள்ளை, ஒல்லாந்துக்காரர் கறுப்பு. வென்றவருக்குப் பட்டம். ஆட்டம் இறுகிக் கிடந்தபோது கறுப்பு தன் கோட்டைக் காயைக் கொண்டுவந்து வெள்ளை ராசாவின் மூக்குக்கு முன்னால் வைத்தது. ராசா அதை வெட்டலாம், அல்லது மூலைக்குப் பின்வாங்கலாம். வெட்டினால் நாலைந்து நகர்த்தலில் வெள்ளை ராணி அகப்படும். அது எனக்கு உடனே தெரிந்தது.

"கோட்டை சும்மா கிடக்கு, வெட்டாமல் என்ன செய்யிறது?" என்றான் கிருபன். கதிரையில் ஏறி நின்று சொன்னான்: "வெட்டாட்டி நான் இந்த மீசையை எடுக்கிறன். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ."

"ராசா பின்வாங்கும்" என்றேன் நான்.

"அண்ணை எப்பவும் பின்வாங்கிறதுதானே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆர்மேனியர் தலையைக் கையில் தாங்கி யோசிக்கத் தொடங்கினார். அப்போதுதான் என் கைபேசி அடித்தது. தொலைக்காட்சியில் படம் நின்றுவிட்டது. கெதியாகக் கதைத்து முடிக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். நான் வெளியே போய், கிணற்றடியில் நின்று பேசினேன். கிருபனின் மனைவி தர்மிளா.

"அண்ணை, மாட்டுக்குப் புல்லறுக்கேக்கை பாம்பு கடிச்சிட்டுது. இவரை உடனை வரச் சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை, அனுப்புறன்" என்றேன்.

எந்தப் பாம்பு என்று நான் கேட்கவில்லை. சாரையும் பாம்புதான், தண்ணீர்ப் பாம்பும் பாம்புதான். கேட்டிருந்தால் விசயம் பெரிதாகியிருக்கும். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தி எடுத்தாள். அந்த வாந்திச் சத்தம் என் காதுக்குள் வந்தது. கைபேசியை உடுத்திருந்த சாரத்தில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"ஆரண்ணை?" என்றான் கிருபன்.

"வீட்டிலை இருந்து. சும்மா கதை."

"மனிசிமாருக்கு இந்த நேரத்திலைதான் கதை வரும்" என்று அவனே சொல்லிச் சிரித்தான். நான் சொல்லவில்லை ஐயா, அவனே சொன்னான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆர்மேனியர் எந்தக் கணமும் கையை நீட்டலாம். அந்தக் கணத்தில் கிருபன் அந்தக் கதிரையில் இருக்கவேண்டும். எழுந்து போய்விட்டானென்றால் நாளைக்கு வந்து, "நானும் அதைத்தானே சொன்னனான்" என்பான், சபையும் நம்பும். ஒரு மனிதன் தன் பிழையைத் தன் கண்ணால் ஒருமுறையாவது பார்க்கவேண்டாமா? நகர்த்தல் விழுந்த உடனே சொல்லலாம் என்றிருந்தேன். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

ஆர்மேனியர் போடவில்லை. தண்ணீர் குடித்தார், எழுந்து நடந்தார், திரும்ப வந்து இருந்தார். இடையில் கிருபன் பிளேன்ரீ குடித்துவிட்டு வருகிறேனென்று எழுந்தான். "இரடா, இப்ப போடப்போறான்" என்று தோளைப் பிடித்து இருத்தினேன். அவனுடைய சேர்ட்டு வியர்வையில் ஊறிக் கிடந்தது. கையை எடுத்த பிறகும் பிசுபிசுத்தது.

கடைசியில் யாரோ ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று கத்தினான். கிருபன் செருப்பும் போடாமல் ஓடினான். மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள், திலீபன் உட்பட. ஓட்டோ கிளம்பிய சத்தம் அடங்குமுன்னரே ஆர்மேனியர் கையை நீட்டினார். ராசா பின்வாங்கியது. நான் தனியே நின்று எங்கள் பலகையில் அந்த நகர்த்தலை வைத்தேன். மண்டபத்தில் ஒரு குருவியும் இல்லை. எனக்கு வந்த கோபத்தை உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

கடித்தது நாகமாம். தர்மிளாவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு நின்றுவிட்டதாம். மரண விசாரணையில் என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய பக்கத்து வீட்டு நாகேஸ்வரி இப்போது உங்களிடம் சொல்லியிருப்பது உண்மைதான். அவள் ரோட்டில் போன ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை மறித்தபோது தர்மிளா ஏறவில்லை. "வேண்டாம் அக்கா, மயில்வாகனம் அண்ணை இவரை அனுப்பிப்போட்டார்" என்று சொல்லிப் படலையடியில் குந்தியிருந்தாள். என் சொல்லுக்கு இந்த ஊரில் அவ்வளவு மதிப்பு. அதை அந்தப் பிள்ளையாவது உணர்ந்திருந்தாள்.

நாகேஸ்வரிக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், எனக்கு மறைத்துப் பழக்கமில்லை. தர்மிளா என்னிடம் இன்னொன்றும் கேட்டாள்.

"அம்புலன்சுக்கு எடுக்கட்டோ அண்ணை?"

"வேண்டாம் பிள்ளை. அது வாறதுக்கிடையிலை கிருபன் வந்திடுவான். நீ ஆடாமல் அசையாமல் இரு" என்றேன்.

அம்புலன்ஸ் வந்தால் எங்கள் நிலையத்தைத் தாண்டித்தான் அவளுடைய வீடு இருக்கும் ஒழுங்கைக்குப் போகவேண்டும். ஊளைச் சத்தம் கேட்டால் முதல் ஆளாக எழுந்து ஓடுகிறவன் கிருபன். அதனால் வேண்டாமென்றேன். அவள் "சரி அண்ணை" என்றாள். நாக்குத் தடித்து, குரல் கொன்னத் தொடங்கியிருந்தது. விசம் ஏறுகிறது என்று எனக்கு விளங்கியது ஐயா. விளங்கித்தான் தொடர்பைத் துண்டித்தேன்.

செத்தவீட்டுக்குப் போனேன். பந்தல் போடவும் தண்ணீர் இறைக்கவும் நின்றேன். கிருபன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, அவள் உங்களுக்கு எடுத்தவளாமே, நீங்கள் சொல்ல மறந்திட்டியளோ?" என்று கேட்டான். மூக்குச் சளி என் கையில் ஒழுகியது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அவன் நம்பியிருப்பான். ஆனால் அந்த நகர்த்தலைப் பற்றி அவன் கேட்கவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது. குனிந்து அவன் காதுக்குள் மெல்லச் சொன்னேன்: "ராசா பின்வாங்கினது." அவன் என்னை வெறித்துப் பார்த்தான். விளங்கவில்லைப் போல. இன்னொருமுறை சொன்னேன். அவன் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டான். அதன் பிறகுதான் ஆட்கள் என்னைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

நான் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து வைக்கிறேன். கிருபன் உங்களிடம் வாக்குமூலம் தர வருவான் அல்லவா? அழுது முடிந்த பிறகு அவனிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள் ஐயா. அந்தக் கோட்டையை வெட்டியிருந்தால் ராணி போயிருக்கும் என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறானா?