நாற்காலிச் சத்தத்துக்கு ஒரு பேனா

டிரைவர்: இந்தப் பேனாவெல்லாம் வேணாம்க்கா. வெளியில 'ஆள் தேவை'ன்னு ஒரு அட்டை தொங்குதே, அந்த மாதிரி எழுதணும். அதுக்கு என்ன பேனா?

கடை அக்கா: அது நான் எழுதினது.

டிரைவர்: நிஜமாவா? அச்சடிச்சதுன்னு நெனச்சேன்.

கடை அக்கா: எனக்குப் பதிலாத்தான் ஆள் தேடுறாங்க. என் இடத்துக்கு நானே அட்டை எழுதிக் குடுத்தேன். ...சரி, இதுக்கு முன்னாடி இப்படி எழுதியிருக்கீங்களா?

டிரைவர்: எங்கேக்கா... ராத்திரி பஸ் ஓட்டுறேன். கையெழுத்துப் போடுறதோட சரி. நீங்க எதுக்கு வேலையை விடுறீங்க?

கடை அக்கா: அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு... ஆபரேஷன் ஆகி அஞ்சு மாசம். டாக்டர் நட நடங்கிறார். இவங்க காலைத் தரையில வைக்க மாட்டேங்கிறாங்க. மதியம் பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துக்கிறாங்க. எத்தனை நாளைக்கு அவங்களையே தொந்தரவு பண்றது? ...அதைப் போட்டு அழுத்தாதீங்க தம்பி, முனை பிஞ்சிரும்.

டிரைவர்: ஐயோ... பிரஷ் மாதிரி வளையுதே.

கடை அக்கா: அது பெருசு, ரொம்ப மெத்து. புதுசா எழுதுறவங்க கைக்கு அடங்காது. சின்ன முனையா, கொஞ்சம் விறைப்பா... இந்தாங்க. கீழ இழுக்கும்போது அழுத்தணும். மேல ஏத்தும்போது லேசா விட்டுரணும்.

டிரைவர்: கிளச் மாதிரி.

கடை அக்கா: இருக்கும். நான் ஓட்டினதில்லை.

டிரைவர்: ...இது 'அ'வா, மண்புழுவாக்கா?

கடை அக்கா: ரெண்டுக்கும் நடுவுல. இவ்வளவு அவசரமா? பஸ்ஸை எப்படித்தான் ஓட்டுறீங்களோ.

டிரைவர்: பஸ்ஸுக்கு ரோடு போட்டு வச்சிருக்காங்க.

கடை அக்கா: இதுக்கும் போட்டுக்கணும். முதல்ல பென்சிலால கோடு. அதுக்குள்ள எழுத்தையும் பென்சில்லயே வரைஞ்சு பார்க்கணும். மையெல்லாம் அப்புறம்தான். இந்தத் தாளையும் எடுத்துக்கோங்க.

டிரைவர்: தாள் வேணாம். வீட்டுல ஜெராக்ஸ் பேப்பர் கிடக்கு...

கடை அக்கா: அதுல தேய்ச்சீங்கன்னா ஒரே வாரத்துல முனை துடைப்பம் மாதிரி விரிஞ்சிரும். தடவிப் பாருங்க. இது சொரசொரப்பு... இது?

டிரைவர்: வழவழன்னு இருக்கு.

கடை அக்கா: இதுலதான் பழகணும். எழுதப் போறது என்ன? வாழ்த்தா?

டிரைவர்: நோட்டீஸ். மாடிப்படியில ஒட்டுறதுக்கு.

கடை அக்கா: நோட்டீஸுக்கா இந்தப் பாடு? டைப் அடிச்சு ஒட்டிட்டுப் போக வேண்டியதுதானே.

டிரைவர்: டைப் அடிச்சா வீட்டு ஓனர் ஒட்டினதுன்னு பயந்துருவாங்க. என் கையெழுத்துல எழுதினா சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கும். அழகா எழுதினா... கோபமில்லைன்னு தெரியும்ல?

கடை அக்கா: அதுவும் சரிதான். அப்ப பட்டை முனை மார்க்கர் எடுத்துக்கோங்க. கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா போதும், தடிப்பும் மெலிசும் தானா வந்துரும். அந்த பெர்மனன்ட் மார்க்கர் மட்டும் வேணாம், தாளைத் தாண்டி மேசையில இறங்கிரும். என்ன வாசகம்?

டிரைவர்: 'மேல் வீட்டாருக்கு. நாற்காலியை இழுக்காதீர்கள்.'

கடை அக்கா: 'ழு' வருதே. முதல் தடவையே அதுல கை வச்சா வெறுத்துப் போயிரும். 'தூக்கி வையுங்கள்'னு போடுங்க. மரியாதையாவும் இருக்கும்.

டிரைவர்: தூக்க முடியாதவங்களா இருந்தா?

கடை அக்கா: ஒரு நாற்காலியையா? ...தினமும் இழுக்கிறாங்களா?

டிரைவர்: தினமும். காலையில நான் வந்து படுத்ததும் ஆரம்பிக்கும். ஒரு இழுப்பு, ரெண்டு காலடி. மறுபடி ஒரு இழுப்பு. ஜன்னல்லேர்ந்து கதவு வரைக்கும், கதவுலேர்ந்து ஜன்னல் வரைக்கும்.

கடை அக்கா: யாராவது வீடு கூட்டுவாங்க.

டிரைவர்: ஒரு மணி நேரமாவா?

கடை அக்கா: எந்தப் பக்கம் உங்க வீடு?

டிரைவர்: தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பச்சை கேட் போட்ட கட்டடம். ரெண்டாவது மாடி, ரோட்டுப் பக்கம்.

கடை அக்கா: பச்சை கேட்டா? ரெண்டாவது மாடியா?

டிரைவர்: என்னக்கா?

கடை அக்கா: ஒண்ணுமில்ல... மார்க்கர் மூடியைத் தேடுறேன்.

டிரைவர்: கையிலதான் இருக்கு.

கடை அக்கா: நீங்க கேட்டது வேற வீட்டுச் சத்தமா இருக்கும் தம்பி.

டிரைவர்: என் தலைக்கு நேர் மேலக்கா.

கடை அக்கா: அந்த வீட்டுல பகல்ல ஒருத்தங்கதான் இருக்காங்க. அவங்களும் படுத்துதான் கிடக்காங்க.

டிரைவர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடை அக்கா: அது என் வீடு. ...கீழ யாரோ புதுசா வந்திருக்காங்கன்னு தெரியும், முகம் பார்த்ததில்லை. தம்பி, காலடியும் கேக்குதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

டிரைவர்: ரெண்டும் கேக்குது. முன்னெல்லாம் ஒரு இழுப்புக்கு ஒரு அடி. இப்ப ரெண்டு, சில நேரம் மூணு.

கடை அக்கா: என் முன்னாடி ஒரு அடி வைக்கலையே... நான் கையைப் பிடிச்சு நடத்தினப்பதான் மறுபடி சரிஞ்சாங்க. பயத்துல கத்திட்டேன், உக்காந்து அழுதுட்டேன். அன்னையிலேர்ந்து கட்டிலை விட்டு இறங்கல. ...ஆனா தனியா விழுந்து கிடந்தா? யாருக்குத் தெரியும்? ...நோட்டீஸ் ஒட்டாதீங்க. உங்க தூக்கம் கெடுது, இல்லைங்கல. நாற்காலிக் காலுக்கு ரப்பர் மாட்டிடறேன்.

டிரைவர்: ரப்பர் மாட்டினா நாற்காலி நகராதுக்கா.

கடை அக்கா: ஆமா... ரப்பரைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அம்மா நடக்குறதையே நிறுத்தினாலும் நிறுத்திருவாங்க. அப்படியே இருக்கட்டும்... இழுக்கட்டும். தம்பி, ஒரே ஒரு உதவி. என்னைக்காவது சத்தம் வரலைன்னா, மேல போய் மணி அடிச்சுப் பார்ப்பீங்களா?

டிரைவர்: முந்தாநாள் வரலைக்கா. போய் அடிச்சேன். உங்கம்மாதான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு வந்து கதவைத் திறந்தாங்க. சளி, அதான் இன்னைக்கு லீவுன்னாங்க. 'என் பொண்ணுகிட்ட மூச்சு விடாதே தம்பி, தனியா நடக்குறேன்னு தெரிஞ்சா பேனா கடை வேலையை விட்டுட்டு வந்து பக்கத்துலயே உக்காந்துருவா'ன்னு சத்தியம் வேற வாங்கிட்டாங்க. அவங்க விழுந்து வச்சா என்ன பண்றதுன்னு ரெண்டு நாளா எனக்கு நிம்மதியே இல்ல... ஆனா சத்தியம் பண்ணிட்டேனே. நான் ஒண்ணும் சொல்லலைக்கா. பேனா வாங்கத்தான் வந்தேன்.