வெய்யோவோட பை

இல்ல தம்பி, இதையும் நீங்களே திருப்பி எடுத்துக்குங்க! தோளை அறுக்குது. என் தோளை இல்ல, எங்க வீட்டுக்காரர் தோளை. மொதல்ல ஒத்தை வார் பை வாங்குனோம்... கழுத்துப் பக்கம் தோலே உரிஞ்சு போச்சு. சரின்னு முதுகுல மாட்டுற மாதிரி ரெட்டை வார் பை, அதான் இது. வாங்குறப்போ என்ன சொன்னீங்க? "மேகத்தைத் தூக்குற மாதிரி இருக்கும்"னீங்க. மேகமாம் மேகம்! ஆலங்கட்டி மேகமா இருக்கும்.

நீ சொல்லலையா? அப்போ உன்னோட வேலை பாக்குற அந்தப் பொண்ணு சொன்னா. சிரிச்ச முகமா இருப்பாளே, அவ. நீ எங்க வாயைத் திறந்த!

அதோ பாரு, கார்ல உக்காந்திருக்காரு பாரு, அவருதான் வெய்யோ. உள்ள வரமாட்டாராம். வீம்பு. ஒரு காலத்துல இந்தக் கூபியோ ஊர்ல, தட்டை வீசிக் கூடையில போடுற ஆட்டத்துல அவரை மாதிரி ஆளே கிடையாது, தெரியுமா? சங்கிலிக் கூடை கண்ணுக்கே தெரியாது, பிர்ச் மரங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போய் 'சலங்'னு விழும். அதெல்லாம் அப்போ. இப்போ என் தங்கச்சி ஹில்கா புருஷன் ஆர்வோகிட்டயே தோக்குறாரு. ஆர்வோகிட்ட, தம்பி! அவன் வீசுன தட்டு பாதி ஏரியிலதான் கிடக்கு.

என்ன? அந்தச் சக்கரம் வச்ச வண்டியா? வேணாம் வேணாம். எங்க காட்டுல ஒரே வேரும் பாறையும். அதை இழுத்துட்டுப் போறதுக்கு ஒரு கழுதையை இழுத்துட்டுப் போகலாம்.

எங்க விட்டேன்... ஆங், போன ஞாயித்துக்கிழமை. பாறை மேட்டுல ஏறி நிக்கிறோம், மூச்சு வாங்குது. ஆர்வோ வழக்கம்போல நக்கல் பண்ணான். "என்ன சகலை, தூரத்துக்கும் அதே தட்டு, கிட்டத்துக்கும் அதே தட்டு, சூப் குடிக்கவும் அதேதானா?"ன்னான். ஹில்கா சிரிச்சா. நானும்... சிரிச்சேன்தான். சிரிப்பு வந்துச்சு, என்ன பண்ண? வெய்யோ என்னை ஒரு பார்வை பாத்தாரு. பையைக் கழட்டி பாசி மேல மெதுவா வச்சாரு. "இனிமே நான் வரல"ன்னாரு. அவ்வளவுதான், ஏரிக்கரை வழியா வீட்டைப் பாத்து நடையைக் கட்டிட்டாரு!

அன்னையிலேருந்து பேச்சே இல்ல. அவரு எப்பவும் பேசாதவருதான். ஆனா பேசாம இருக்குறதுலயே ரெண்டு தினுசு இருக்கு தம்பி. ஒண்ணு, பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கிற மாதிரி. இன்னொண்ணு, கதவைச் சாத்துன மாதிரி. இது ரெண்டாவது தினுசு. நாளைக்கு ஜோடிப் போட்டி வேற. வருஷா வருஷம் ஒண்ணா ஆடுவோம். அவரு இல்லாம நான் யாரோட ஜோடி சேருவேன், உன்னோடயா?

அதனாலதான் சொல்றேன், நல்ல பையா காட்டு. இடுப்புல பெல்ட்டு, முதுகுல மெத்தை, எல்லாம் இருக்கணும். ஆங், அந்தப் பச்சை நல்லாருக்கே. சாமானை மாத்திப் பாக்கணுமா? மாத்து மாத்து. கொட்டிப் பாரு, எனக்கென்ன.

அது தெர்மாஸ். பெருசுதான், வழியில காப்பி வேணாமா? அது என்னுது. அந்த டப்பால ஏலக்காய் பன்னு... ஒண்ணு எடுத்துக்கோ, சும்மா எடு, நேத்துச் சுட்டது. அது மழைக்கோட்டு. ஆமா, பூப்போட்டதுதான், என்னுதுதான். வெய்யோ போடுவாரா பூவு! அது மடக்கு நாற்காலி, ஆடுறதுக்கு முறை வர்ற வரைக்கும் நான் நின்னுட்டே இருக்க முடியுமா? அது புளூபெர்ரி பறிக்கிற சீப்பு. அந்தச் சின்ன வாளியும் அதோட சேர்ந்ததுதான். காளான் கத்தி. கொசு மருந்து. கம்பளி சாக்ஸு. சாஸேஜு சுடுற கம்பி... என்ன தம்பி அப்படிப் பாக்குற, காட்டுக்குப் போறவங்களுக்குப் பசிக்காதா?

இன்னும் அடியில இருக்கு பாரு. தட்டு அங்கதான் இருக்கும். கையை நல்லா விடு.

மூணா?

மூணுதானா? நல்லாப் பாரு. பக்கத்துப் பாக்கெட்டுல? அதுல என் கண்ணாடிக்கூடுதான் இருக்கும், ஆமா. தூரத்துக்கு, கிட்டத்துக்கு, வளைச்சு வீசன்னு தனித்தனியா வேணுமே, மூணு தட்டை வச்சுட்டு எப்படி ஆடுவாரு? அவர்கிட்ட எவ்வளவு கிடக்குது தெரியுமா! ஆவியில குளிக்கிற சானா அறையில, பெஞ்சுக்கு அடியில ஒரு பெட்டி நிறைய. சனிக்கிழமை சானாவுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா எடுத்துத் துடைப்பாரு. துடைச்சு, பாத்து, திருப்பி உள்ளயே வச்சுருவாரு. என்னத்துக்கு இந்த மனுஷன் ஆடாத தட்டைத் துடைக்கிறாருன்னு நானே...

ஒரு நிமிஷம் இரு தம்பி.

நான் வாளியை உள்ள திணிச்சிருப்பேன், அவரு ஒரு தட்டை எடுத்து வெளிய வச்சிருப்பாரு. நாற்காலிக்கு ரெண்டு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? "ஏம்மா, போதும்"னு! சொல்ல மாட்டாரு. எனக்கு இடம் விட்டு விட்டு... அந்த ஆர்வோ பய சிரிக்கிறான், அவனோட சேந்து நானும் பல்லைக் காட்டுனேனே...

இல்ல, ஒண்ணுமில்ல. கொசு மருந்து கண்ணுல பட்டுருச்சு. மூடிதான் இருக்கு, தெரியுது, நீ உன் வேலையைப் பாரு.

திருப்பித் தர வந்த இந்தப் பையே போதும் அவருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல. பச்சைப் பை எனக்கு. ஆமா, எனக்குத்தான்! எல்லாத்தையும் இதுல போடு. தெர்மாஸு... வாளி... நாற்காலியும் வை, நல்லா அமுக்கு. இப்போ முதுகுல மாட்டி விடு. ம், விடு.

அய்யோ ஆத்தா!

இதையா அந்த மனுஷன் அத்தனை மேடும் ஏறி... பெல்ட்டை இறுக்கு தம்பி. மூச்சு விட முடியல, கொஞ்சம் தளர்த்து. சரி, நாற்காலியை எடுத்துடு. நின்னுக்குறேன். கம்பியையும் எடு. வாளி... இல்ல, வாளி இருக்கட்டும்.

கதவு மணி அடிக்குது, யாரு... வெய்யோ! கார்லயே இருக்கேன்னீங்க? எவ்வளவு நேரம்னு பாக்க வந்தீங்களா? அது வந்து... இந்தத் தம்பிதான் எல்லாத்தையும் கொட்டிட்டான். இல்ல, அவன் பாவம், நான்தான் கொட்டச் சொன்னேன். வெய்யோ, வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியை... நீங்க உங்க தட்டையெல்லாம்...

பாத்தியா தம்பி, எனக்கே வார்த்தை வரல. எழுதி வச்சுக்கோ.

என்ன, சிரிக்கிறீங்களா? வெய்யோ, என்னைப் பாத்தா சிரிக்கிறீங்க? சிரிங்க சிரிங்க, ஒரு வாரமாச்சு அந்தப் பல்லைப் பாத்து. அடப்பாவி, தம்பி, நீயுமா! ரெண்டு பேரும் சிரிச்சது போதும். யாராச்சும் வந்து இதைக் கழட்டி விடுங்க, தோளு போகுது!