எந்தப் போட்டிக்குப் போவது

மல்வேர்னிலிருந்து காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னது என் காதில் விழுந்தது.

“துவக்கு வெளியில தெரியாமல் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் நிக்கவேணும். அதுதான் அங்கத்தைய ரூல்.”

அவர் பேசியது பிஸ்டல் சுடும் போட்டியைப் பற்றி என்று பிறகுதான் விளங்கியது.

“போன வருசம் அதிலதானே மூண்டாவதா வந்தனி?” என்றார் தோழி. “இந்த முறையும் நீ அதுக்கே போகலாமே.”

“ஏலாது. அங்க பிஸ்டலில குறி பாக்கிற கண்ணாடி பூட்ட விடமாட்டினம். எனக்கு இப்ப பிஸ்டல் நுனியில இருக்கிற முன்குறி மங்கலாத்தான் தெரியுது. போன மாசம் பழகேக்க, சுடக்கூடாத ஆளெண்டு வைச்ச மட்டையில சுட்டுப்போட்டன். வெறும் மட்டைதான். எண்டாலும் அண்டைக்குச் சாப்பிட மனம் வரேல்லை.”

“அப்ப மற்றப் போட்டி?”

“அங்க கண்ணாடி பூட்டலாம். அதுக்குள்ள சிவப்புப் புள்ளி வடிவாத் தெரியும். ஆனா பூட்டினா, ஓடி ஓடிச் சுடுற இளம் ஆக்களோட ஒரே பிரிவில போடுவினம். நான் கடைசியாத்தான் வருவன்.”

இரண்டு நிறுத்தங்கள் கழிந்தன. ஜன்னலோரப் பெண் போனை எடுத்து, கண்ணாடி பூட்ட விடும் போட்டிக்கே தன் பெயரைப் பதிந்தார்.

“நானும் பாக்க வாறன்,” என்றார் தோழி. “எங்க நிக்கவேணும்?”

“எனக்குப் பின்னால.”