பேரு எந்த லிஸ்ட்ல?

லூர்து: ஜெரினாமா, இந்த மெஷினக் கொஞ்சம் பாரு. கண்டெய்னர் நம்பர ஏத்தலாம்னு எடுத்தா உள்ள ஒன்னுமே இல்ல. தொடச்சி வச்ச மாதிரி கீது.

ஜெரினா: குடுங்கண்ணா... கீழ போட்டீங்களா?

லூர்து: பதினாலு வருசமா இந்த யார்டுல கீறேன். ஒரு பேனாவக்கூட கீழ போட்டதில்ல. என்னப் பாத்து கேக்குற பாரு.

ஜெரினா: சும்மா கேட்டேன்ணா. சார்ஜ் இருந்துச்சா?

லூர்து: ஃபுல்லு. நேத்து சாயங்காலம் எண்ணூர்லேந்து வந்த கடைசி ட்ரெய்லர் வரைக்கும் இதுலதான் ஏத்துனேன். இன்னிக்கு, இப்பத்தான் கடைல வாங்குன மாதிரி இன்னா பாஷை வேணும்னு கேக்குது.

ஜெரினா: ம்...

லூர்து: இன்னா ம்? முன்னெல்லாம் ஒயரக் குத்தி ஒவ்வொரு மெஷினா சாஃப்ட்வேர் ஏத்துவியே. அதயே பண்ணு, நான் நிக்கறேன்.

ஜெரினா: இப்பல்லாம் நான் கைல தொடறதே இல்லண்ணா. ரூல் எழுதி வச்சாச்சு. ஆபீஸ் லிஸ்ட்ல உங்க பேரு எங்க கீதோ, அதுக்கேத்த மாதிரி மெஷின் தானா மாறிக்கும். கேட்ல இருந்தா கேட் சாஃப்ட்வேர், கிரேனுக்குப் போனா கிரேன் சாஃப்ட்வேர்.

லூர்து: அப்ப என்னக் கிரேனுக்கு மாத்திட்டானுங்களா?

ஜெரினா: ...இல்லண்ணா.

லூர்து: பின்ன எங்க மாத்துனா இப்பிடி காலியாவும்?

ஜெரினா: சர்வர் ஸ்லோ. பாத்துகினு கீறேன். நீங்க வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்.

லூர்து: வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது.

ஜெரினா: ஏன்?

லூர்து: ...கேட்ல என் கார்டு வேல செய்யல. மூணு தபா தேச்சேன். சிவப்பு லைட்டு. செக்யூரிட்டி வேற பக்கம் பாத்துகினான். நம்ம டிரைவர் செங்குட்டுவன் லாரில, கிளீனர் சீட்ல குந்திகினு வந்தேன்.

ஜெரினா: அப்ப உங்களுக்குத் தெரியும்.

லூர்து: சந்தேகம்தான். கார்டும் ரிப்பேரு, மெஷினும் ரிப்பேருன்னு நீ சொல்லிட மாட்டியான்னு வந்தேன்... அந்த ரூலு இன்னான்னு சொல்லும்மா. உள்ளதச் சொல்லு.

ஜெரினா: வேலய வுட்டு நின்னவங்க லிஸ்டுக்குப் பேரு போச்சுன்னா, அடுத்த நிமிசமே மெஷின் காலியாவும். கார்டும் கூடவே. யாரும் பட்டன் அமுக்கத் தேவையில்ல.

லூர்து: நான் எங்கம்மா வுட்டு நின்னேன்?

ஜெரினா: ரூலுக்கு அது தெரியாதுண்ணா. நின்னதும் நிறுத்துனதும் ஒரே லிஸ்டு.

லூர்து: வாயத் தொறந்து ஒருத்தன் சொல்லலியே.

ஜெரினா: லெட்டர் வரும். அத அனுப்ப மனுசன் வேணுமில்ல, அதான் லேட்டு.

லூர்து: சரி... ஒரு உதவி பண்ணு. அந்த லிஸ்டத் தொறந்து, எங்க ஷிப்டுல இன்னும் யார் யார் பேரு கீதுன்னு படி. அவங்களாவது கேட்ல நின்னு அசிங்கப்பட வேணாம். நானே போன் பண்ணி சொல்லிடறேன்.

ஜெரினா: படிக்க முடியாதுண்ணா.

லூர்து: ஏம்மா, ரகசியமா?

ஜெரினா: காலைல நான் உள்ள வந்து குந்துனப்புறம் மொதல்ல காலியானது என் கம்ப்யூட்டர்தாண்ணா. வூட்ல இன்னா சொல்றதுன்னு தெரியல... அதான் ஆறு மணிலேந்து இங்கயே குந்திகினு கீறேன்.